ஒன்பது வெற்றிகளும் நடவாத ஓர் ஆட்டமும்

விளையாட்டுக் குழுவொன்றின் ஓராண்டு முடிவுகளைக் கூறும் ஏடு மிகவும் சுருக்கமானது. திகதி, எதிரணியின் பெயர், இரண்டு இலக்கங்கள்: இவற்றுக்கு மேல் அதில் எதுவும் இராது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டக் குழு 1951ஆம் ஆண்டில் ஆடிய ஆட்டங்களின் ஏடும் அத்தகையதே. ஒன்பது ஆட்டங்கள், ஒன்பதிலும் வெற்றி, தோல்வியுமில்லை, சமநிலையுமில்லை. ஒன்பதாவது வரியுடன் அந்த ஏடு முடிந்துவிடுகிறது. இத்துணை வெற்றி ஈட்டிய குழுவொன்றுக்கு, அந்நாட்டு வழக்கப்படி, புத்தாண்டையொட்டிப் பத்தாவது ஆட்டமொன்று கிடைப்பது எதிர்பார்க்கத்தக்கதே. அது கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதையும், அதனை முன்னிட்டு அக்குழுவினர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை கூறவேண்டும். உதைபந்தாட்டம் என்றதும் நம் கண்முன் தோன்றும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. அவர்களுடைய பந்து உருண்டையன்று; தேங்காயைப் போல இரு முனையும் கூம்பியது. அதனைக் காலால் உதைப்பது அருமை. கையில் ஏந்தி ஓடுவதும், ஒருவர் எறிய மற்றவர் பிடிப்பதுமே பெரும்பாலும் நடைபெறும். பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நூறு யார் நீளமான களத்தின் எதிரெல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தனுப்பினால் மேலும் ஒரு புள்ளி. பந்தை வைத்திருப்பவன் தன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. கிளித்தட்டில் மறிப்பவனை ஏய்த்துக் கோடு கடக்கும் வித்தையையும் மல்யுத்தத்தையும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்குமோ, ஏறத்தாழ அப்படியிருக்கும் என்று நம் இளைஞர் எண்ணிக்கொள்ளலாம். எலும்பு முறிவு அங்கே அபூர்வமன்று.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைத் துறவிகளால் 1855இல் தொடங்கப்பட்டது. நகரத்தின் நடுவே குன்றொன்றின்மீது அமைந்த சிறிய நிறுவனம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் செல்வமோ மாணவர் தொகையோ அதற்கு இல்லை. அந்தப் பிரதேசத்தில் அதைப் போன்று கத்தோலிக்கர் நடத்திய வேறு இரு கல்லூரிகளும் இருந்தன. ஒன்று சென் மேரிஸ், மற்றது சாந்தா கிளாரா. இம்மூன்றும் தம்முள் மோதும்போது முன்னொரு காலத்திற் கீசார் அரங்கு நிரம்பி வழிந்தது. ஆனால் 1946இல் அந்நகரத்தில் சம்பளத்துக்கு ஆடும் குழுவொன்று தோன்றி, அதே கீசார் அரங்கில் ஆடத் தொடங்கியது. பார்வையாளர் அங்கே திரும்பினர். கல்லூரிக் குழுக்களின் வருமானம் தேய்ந்தது. 1950ஆம் ஆண்டுப் பருவத்தோடு சென் மேரிஸ் கல்லூரி இவ்வாட்டத்தையே கைவிட்டுவிட்டது. ஆகவே 1951இல் சான் பிரான்சிஸ்கோ குழுவினர் களமிறங்கியபோது அவர்களுக்குப் பின்னால் நின்றது வற்றிப்போன பணப்பெட்டியே. நல்ல புத்தாண்டுப் போட்டியொன்றில் ஆடக் கிடைத்தால் அப்பெட்டி ஓரளவு நிரம்பும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இதனை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவற்றின் கனம் இதனாலேயே புலப்படும்.

குழுவின் பயிற்றுநர் ஜோ குஹாரிச். மிகக் கண்டிப்பானவர். பருவம் தொடங்குமுன் கலிபோர்னியாவின் உட்பகுதியிலுள்ள கோர்னிங் என்ற சிற்றூருக்கு மாணவர்களைக் கொண்டுசென்று கோடை வெயிலில் வாட்டியெடுத்தார். ஒலிவ் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரின் வெக்கையைப் பல தசாப்தங்களுக்குப் பின்னரும் அவர்கள் மறக்கவில்லை. ஓடமுடியாதவன், தாங்கமுடியாதவன் எல்லாம் அங்கேயே கழன்றுகொண்டான். எஞ்சியவர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களாகத் திரும்பி வந்தனர்.

அவர்களுள் ஜினோ மார்க்கெட்டி என்பவர் இத்தாலியக் குடியேறிகளின் மகன். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியவர். அவருடைய அன்னையோ இத்தாலியிற் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெறாதிருந்த காரணத்தால், அப்போர்க் காலத்திற் பகைநாட்டவராகக் கணிக்கப்பட்டுத் தம் வீட்டைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. போரால் திரும்பிய மகன் மோட்டார் சைக்கிளில், கறுப்புத் தோற்சட்டையுடன் பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியதைக் கண்டு குஹாரிச் முகஞ்சுளித்தார் என்பர். பொப் சென் கிளேயர் ஆறடி ஒன்பது அங்குல உயரம். இறைச்சியைச் சமைக்காமலே தின்பவர் என்று பெயரெடுத்தவர். பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தியவர் எட் பிரவுண். ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுக்கும் பொறுப்பு, அப்பொழுதுதான் பட்டம் பெற்றிருந்த பீற் றோசெல் என்ற இளைஞரிடம் இருந்தது.

இனி இருவரைப் பற்றி. ஒல்லி மட்சன் டெக்சாஸ் மாநிலத்திற் பிறந்து, குடும்பத்தோடு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். பெயர்தான் ஒல்லி, ஆளோ ஆறடிக்கு மேல், இருநூறு இறாத்தலுக்கு மேல். அந்தப் பாரத்தோடு அவர் ஓடிய வேகம் ஓட்டப்பந்தய வீரருடையது. பேர்ல் டோலர் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரத்தவர். எதிரணியின் ஓட்டத்தை மறித்து வீழ்த்துவதில் வல்லவர். இருவரும் முதலில் நகரக் கல்லூரியில் ஒன்றாக ஆடிவிட்டுப் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு வந்தனர். அக்குழுவிற் கறுப்பினத்தவர் இவ்விருவருமே.

பருவம் சான் ஹோசே அரசாங்கக் கல்லூரிக்கு எதிராகத் தொடங்கியது. 39க்கு 2 என்று வெற்றி. அடுத்து ஐடஹோ, 28க்கு 7. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒருபக்கமாக நடந்த ஆட்டங்களை எழுதுவதும் வாசிப்பதும் சலிப்பையே தரும். கடற்படை, கடற்காலாட்படைப் பாசறைகளின் குழுக்களோடும் ஆட நேர்ந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் இவர்களோடு ஆட முன்வரவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். வென்றால் பெருமையில்லை, தோற்றால் அவமானம் என்ற நிலையில், சிறிய கல்லூரியின் பலமான குழுவொன்றை யார்தான் விரும்பி அழைப்பர்?

அக்டோபரில் நியூ யோர்க் நகருக்குச் சென்று போர்டாம் பல்கலைக்கழகத்தை எதிர்த்த ஆட்டமே அப்பருவத்தின் திருப்பம். மேற்குக் கரையின் குழுவொன்று கிழக்குக் கரையின் பத்திரிகையாளர் முன்னிலையில் ஆடக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. றோசெல் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அன்றைய விளையாட்டு எழுத்தாளருள் முதல்வராக மதிக்கப்பட்ட கிராண்ட்லண்ட் றைஸ் போன்றோரின் கவனத்தை மட்சன்மீது திருப்புவதற்கு அவர் அரும்பாடுபட்டார். மட்சனும் ஏமாற்றவில்லை. எதிரணி ஆட்டத்தைத் தொடங்க உதைத்தனுப்பிய பந்தைத் தன் எல்லையருகே ஏந்தி, ஒருமுறை 94 யாரும் மறுமுறை 90 யாரும் ஓடிக் கோடு கடந்தார். களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பதினொருவரை ஏய்த்து, ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை! அப்படியிருந்தும் போர்டாம் குழுவினர் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவு 32க்கு 26. ஒன்பது ஆட்டங்களுள் இவர்கள் உண்மையில் தோல்வியின் விளிம்பைக் கண்டது இந்த ஒன்றில்தான்.

அதே அக்டோபர் மாதத்தில், நாட்டின் நடுப்பகுதியில் ஒக்லஹோமா மாநிலத்திற் பிறிதொரு ஆட்டம் நடந்தது. ட்ரேக் பல்கலைக்கழகத்தின் ஜொனி பிரைற் என்ற கறுப்பின வீரர், அவ்வேளையில் நாடெங்குமுள்ள கல்லூரி ஆட்டக்காரருள் முன்னணியில் நின்றவர். பந்து அவர் கையில் இல்லாதபோதே, எதிரணியாளர் ஒருவர் அவர் முகத்தில் மீண்டும் மீண்டும் தாக்கினார். தாடை எலும்பு முறிந்தது. நடுவர் எவரும் தண்டனை விதிக்கவில்லை. அயோவா மாநிலப் பத்திரிகையொன்றின் இரு புகைப்படக்காரர் அக்காட்சியைத் தொடர் படங்களாகப் பிடித்திருந்தமையால் செய்தி மறைக்க முடியாததாயிற்று. அப்படங்களுக்கு 1952இல் புலிற்சர் பரிசு கிடைத்தது. அந்த ஆட்டத்தை நடத்திய பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2005ஆம் ஆண்டில். அதாவது ஐம்பத்து நான்கு வருடங்கள் கழித்து. பிரைற் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மட்சனும் டோலரும் எத்தகைய காலத்தில் களமிறங்கினர் என்பதை உணர்த்தவே இதனை இங்கே குறிப்பிட்டேன்.

மேற்குக்குத் திரும்பிய குழுவினர் சாந்தா கிளாராவை 26க்கு 7 என்று வென்றனர். நவம்பரில் ஸ்டொக்டன் நகரில் பசிபிக் கல்லூரியைச் சந்தித்தனர். இதுவே பெரும் சோதனை என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். 40,000க்கு மேற்பட்டோர் கூடினர். புத்தாண்டுப் போட்டிகளை நடத்துவோரும் இவ்வாட்டத்தின் முடிவைப் பார்த்தே அழைப்பைப் பற்றித் தீர்மானிப்பர் என்ற பேச்சு எங்கும் அடிபட்டது. சோதனை என்று எண்ணியது படுதோல்வியாய் முடிந்தது; தோற்றது பசிபிக். 47க்கு 14.

கடைசி ஆட்டம் லொஸ் ஏஞ்சலிசின் லொயோலா பல்கலைக்கழகத்தோடு. இடம், பசடீனா நகரின் றோஸ் பௌல் என்னும் பேரரங்கு. இலட்சம் பேர் அமரக்கூடிய அவ்விடத்தில் அன்று வந்திருந்தோர் சொற்பம். 20க்கு 2 என்று வென்று, ஒன்பதையும் நிறைவு செய்தனர். அவ்வாண்டில் மட்சன் பந்துடன் ஓடிய மொத்தத் தூரம் 1,566 யார். கோடு கடந்தது 21 தடவை. ஓட்டத்தில் நாட்டின் முதலிடம் அவருக்கே. ஆயினும் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசின் வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். பத்திரிகையாளரின் தரவரிசையிற் குழுவுக்குக் கிடைத்தது பதினான்காவது இடம்.

புத்தாண்டுப் போட்டிகளைப் பற்றி இங்கே விளக்க வேண்டும். கல்லூரிப் பருவம் நவம்பரில் முடிந்தபின், சிறந்த குழுக்களை வெவ்வேறு நகரங்கள் அழைத்து, ஜனவரி முதலாந் திகதியையொட்டிப் பெரும் விழாவாக ஆடவைக்கும். நியூ ஓர்லியன்சின் சுகர் பௌல், மயாமியின் ஒரேஞ்ச் பௌல், ஜக்சன்வில்லின் கேற்றர் பௌல், டலசின் கொற்றன் பௌல் என்பன இவ்வகையின. பசடீனாவின் றோஸ் பௌல் போட்டியே இவற்றுள் மூத்தது. ஆனால் 1946இற் செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தத்தால் அது இரண்டு பெரிய கூட்டமைப்புகளின் குழுக்களுக்கே உரியதாகிவிட்டது. எக்கூட்டமைப்பிலும் சேராத சான் பிரான்சிஸ்கோவுக்கு அக்கதவு முன்னமே மூடப்பட்டது. எஞ்சிய பெரிய போட்டிகள் யாவும் தென் மாநிலங்களில் இருந்தன. நிற வேற்றுமை அங்கே வெறும் வழக்கமன்று, சட்டம். ஒரே பாடசாலை, ஒரே உணவுச்சாலை, ஒரே பஸ் ஆசனம் என்பவற்றை மறுத்த சட்டம் ஒரே ஆடுகளத்தை மட்டும் எவ்வாறு அனுமதிக்கும்?

வடக்கிலிருந்து சென்ற கல்லூரிகள் இதற்கு நெடுங்காலம் பணிந்தே போயின. தெற்கே ஆடப்போகும்போது கறுப்பின வீரரை வீட்டில் விட்டுச்செல்வது ஓர் எழுதாத உடன்பாடாக இருந்தது. அதனைக் ‘கனவான்களின் உடன்பாடு’ என்றே அழைத்தனர். கனவான் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய இழுக்கு வேறெங்கும் நேர்ந்திருக்குமோ என்பது ஐயம். பொஸ்ரன் கல்லூரியின் லூ மொன்கொமறி இதற்கு உதாரணம். அதுவும் இயேசு சபையாரின் கல்லூரியே. 1940 புத்தாண்டில் டலசில் அக்கல்லூரி ஆடிய ஆட்டத்திலும், 1941 புத்தாண்டில் நியூ ஓர்லியன்சில் ஆடிய ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை. இரண்டாவதில் அவருடைய குழு டென்னசிப் பல்கலைக்கழகத்தை 19க்கு 13 என்று வென்று தோல்வியறியாக் குழுவெனப் புகழ் பெற்றது. அப்புகழில் அவருக்குரிய பங்கை அக்கல்லூரி பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, அவருடைய சட்டையின் இலக்கத்துக்கு மரியாதை செய்தது 2012இல். அப்போது மொன்கொமறி உயிரோடில்லை.

எல்லோரும் பணியவில்லை என்பதையும் கூறவேண்டும். 1946இற் பென்சில்வேனியா அரசாங்கக் கல்லூரியின் மாணவர், தம் கறுப்பின நண்பரை விட்டுவிட்டு மயாமிக்கு வரமாட்டோம் என்று ஓர் ஆட்டத்தையே இரத்துச் செய்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் அதே கல்லூரி இரு கறுப்பின வீரருடன் டலசுக்குச் சென்று கொற்றன் பௌலில் 13க்கு 13 எனச் சமநிலை கண்டது. நகரத்து விடுதிகள் இடங்கொடாமையாற் குழு முழுவதும் கடற்படை விமானத் தளமொன்றில் தங்கிற்று. 1950இல் லொயோலா பல்கலைக்கழகம், தன் கறுப்பின வீரரை எல் பாசோ நகரில் ஆடவிட மறுத்தமையால், அங்கு செல்வதையே கைவிட்டது. அதன்பின் எல் பாசோவில் அவ்விதி தளர்ந்தது.

இப்போது 1951இன் முடிவுக்கு வருவோம். மேற்சொன்ன தென்னகப் போட்டிகள் ஒவ்வொன்றாகத் தம் குழுக்களைத் தெரிந்துகொண்டன. ஒரேஞ்ச் பௌலுக்கு ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியும் பெய்லர் பல்கலைக்கழகமும். சுகர் பௌலுக்கு மேரிலாந்தும் டென்னசியும். கேற்றர் பௌலுக்கு மயாமியும் கிளெம்சனும். சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைப்பு வரவில்லை. எதிர்த்தாடிய குழுக்கள் பலமற்றவை என்பதே வெளியிற் சொல்லப்பட்ட காரணம். மட்சனும் டோலரும் இருப்பதே உண்மைக் காரணம் என்று வானொலி விளையாட்டு அறிவிப்பாளர் ஐறா புளூ அப்போதே பகிரங்கமாகக் கூறினார்.

இவ்விடத்திற் சரித்திரம் எழுதுபவன் சற்று நின்று நிதானிக்க வேண்டும். பிற்காலத்தில் இக்கதை பலமுறை சொல்லப்பட்டு, சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கிறது. அழைப்பு வந்தது, ஆனால் இருவரையும் விட்டு வரும்படி நிபந்தனை விதிக்கப்பட்டது என்பது ஒரு கூற்று. முறையான அழைப்பு எதுவும் வரவில்லை, அத்தகைய நிபந்தனைக்கு உடன்பட்டால் அழைப்பு வரும் என்று மறைமுகமாக உணர்த்தப்பட்டது என்பது மற்றொரு கூற்று. மாணவர் கூடி வாக்கெடுத்தனர் என்பார் சிலர். வாக்கெடுக்கவே அவசியமிருக்கவில்லை, கேள்வி எழுந்த கணத்திலேயே எல்லோரும் மறுத்துவிட்டனர் என்பார் வேறு சிலர். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின் முதியவர்கள் நினைவுகூர்ந்த செய்திகளில் இவ்வாறு வேறுபாடு காணப்படுவது இயல்பே. அதைக்கொண்டு முழுக்கதையையும் தள்ளிவிடுவதும் தவறு. ஆராயாது ஏற்பதும் தவறு.

வேறுபடும் இக்கூற்றுகள் ஒன்றுபடும் இடத்தையே நாம் உறுதியாகப் பற்றிக்கொள்ளலாம். மட்சனையும் டோலரையும் விட்டுவிட்டுப் போவதென்ற பேச்சு குழுவினரிடம் எட்டியது. அவர்களுள் ஒருவராயினும் அதற்கு இசையவில்லை. வெள்ளையர் அனைவரும் ஒருமுகமாய் நின்றனர். அவர்கள் அதனைப் பெருந் தியாகமென்று பிற்காலத்திலும் பறைசாற்றவில்லை. நண்பர் இருவரை வீதியில் விட்டுவிட்டு விருந்துக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால் எப்படி விழிப்போமோ, அப்படியே அவர்களும் விழித்தனர் போலும்.

எதிரணிகள் பலமற்றவை என்ற காரணத்தையும் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம். அதில் ஓரளவு உண்மை உண்டு. பாசறைக் குழுக்களோடு ஆடியமை பெரிய சாதனையாகாது. ஒரே கல்லூரியை இருமுறை சந்திக்க வேண்டியும் வந்தது. ஆனால், இவர்களிடம் 47க்கு 14 என்று தோற்ற பசிபிக் கல்லூரியை, வேறு பல தோல்விகளையும் அது கண்டிருந்தும், எல் பாசோ நகரின் சன் பௌல் அழைத்து, 1952 புத்தாண்டில் ஆடவைத்தது. சன் பௌல் சிறிய போட்டி என்று வாதிக்கலாம், உண்மைதான். பசிபிக் குழுவிலும் எடி மேக்கன் என்ற கறுப்பின வீரர் இருந்தார் என்பதையும் மறைக்கக்கூடாது. எல்லாக் கதவுகளும் ஒரே இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை என்பதே இதனால் பெறப்படுவது. நியூ ஓர்லியன்ஸ், மயாமி, ஜக்சன்வில் ஆகிய நகரங்களின் கதவுகள் இறுக்கமாகவே இருந்தன. சுகர் பௌலில் முதன்முதலாகக் கறுப்பின வீரர் ஒருவர் ஆடியது 1956இல். பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் பொபி கிறியர் என்பவரே அவர். அப்போதும் எதிரணியின் மாநிலமான ஜோர்ஜியாவின் ஆளுநர் அவ்வாட்டத்தைத் தடுத்து நிறுத்த முயன்றார்.

அழைப்பு வராமையின் விலை சீக்கிரமே தெரியவந்தது. அவ்வாண்டில் உதைபந்தாட்டத்தால் ஏற்பட்ட நட்டம் சுமார் 70,000 டொலர். புத்தாண்டுப் போட்டி ஒன்றின் வருமானம் அதனை ஈடுசெய்திருக்கும் என்று பலரும் கருதினர். ஒன்பதாவது வெற்றி கிடைத்துச் சில வாரங்களுக்குள், பல்கலைக்கழகம் அப்பெருங் களத்திலிருந்து தன் குழுவை விலக்கிக்கொண்டது. லொயோலாவும் அதே பருவத்தோடு நிறுத்தியது. சாந்தா கிளாரா அடுத்த ஆண்டில். போர்டாம் 1954ஆம் ஆண்டுப் பருவத்தோடு. ஆகவே அழைப்பு வந்திருந்தாற் குழு நிலைத்திருக்கும் என்று திட்டமாகச் சொல்வதற்கில்லை. சிறிய கல்லூரிகளால் அச்செலவைத் தாங்க முடியாத காலம் வந்துவிட்டது. ஆயினும் போகும் வழியில் ஓர் ஆட்டம், ஒரு விழா, ஒரு மாலை, இவையேனும் அவர்களுக்கு உரியன.

குழு கலைந்தது, ஆட்டக்காரர் ஓயவில்லை. ஒன்பதுக்குக் குறையாதோர் சம்பளத்துக்கு ஆடும் தேசிய உதைபந்தாட்டக் கழகத்தின் குழுக்களிற் சேர்ந்தனர். ஒரு சிறு கல்லூரியின் ஒரே குழுவிலிருந்து இத்தனை பேர் சென்றது வியப்புக்குரியது. மட்சன் 1952 கோடையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும், 4 தர 400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் வெள்ளியும் பெற்றுத் திரும்பியே சிக்காகோக் குழுவிற் சேர்ந்தார். அங்கே பயிற்றுநராக வந்தவரும் குஹாரிச்தான். 1959இல் மட்சனை லொஸ் ஏஞ்சலிஸ் குழு பெற்றுக்கொண்டபோது, அவர் ஒருவருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டோர் ஒன்பது பேர் என்பர். அப்பேரத்தை முடித்தவர், அந்நாளில் அக்குழுவின் முகாமையாளராயிருந்த பீற் றோசெல். பத்திரிகைக்காரர் பின்னால் அலைந்து மட்சனின் பெயரைப் பரப்பிய அதே இளைஞர்! அடுத்த ஆண்டில், தம் முப்பத்து மூன்றாம் வயதில், றோசெல் தேசியக் கழகத்துக்கே ஆணையாளரானார். 1989 வரை அப்பதவியில் இருந்தார். மட்சனும் மார்க்கெட்டியும் 1972இல் ஒன்றாகவே அவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டனர். சென் கிளேயர் 1990இல். ஒரு கல்லூரிக் குழுவிலிருந்து மூவர் அம்மண்டபத்தை அடைந்தனர். றோசெலையும் சேர்த்தால் நால்வர்.

அதே பல்கலைக்கழகம் கூடைப்பந்தாட்டத்தில் 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. பில் றசல் என்ற கறுப்பின வீரரே அக்குழுவின் தூண். ஒருமுறை ஒக்லஹோமா நகரில் விடுதிகள் கறுப்பின வீரருக்கு இடமில்லை என்றபோது, குழு முழுவதும் ஆளில்லாத கல்லூரி விடுதியொன்றில் ஒன்றாகத் தங்கியது. மட்சன் குழுவினரின் நினைவு அந்தக் குன்றின்மீது அப்போது இன்னும் பசுமையாகவே இருந்திருக்கும்.

பல்கலைக்கழகம் 2006இல் அக்குழுவில் எஞ்சியிருந்தோருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 2008இல் அரிசோனாவில் நடக்கும் பியஸ்ரா பௌல் என்னும் புத்தாண்டுப் போட்டி அவர்களை அழைத்துக் கௌரவித்தது. வேண்டியபோது வராத அழைப்பு, நடக்கக் கைத்தடி வேண்டிய வயதில் வந்தது.

பேர்ல் டோலரின் கதையை இறுதிக்கு வைத்தேன். ஏனெனில் புகழ் மண்டபத்திலோ சம்பளக் குழுக்களின் ஏடுகளிலோ அவர் பெயர் ஆட்டக்காரராக இடம்பெறவில்லை. 1952 ஓகஸ்ற் மாதம் சிக்காகோவில், அவ்வாண்டு பட்டம் பெற்ற சிறந்த மாணவ வீரரைத் திரட்டி நடத்திய ஆட்டத்தில் அவருடைய முழங்கால் சிதைந்தது. ஒருநாளேனும் சம்பளத்துக்கு ஆடாமலே அவருடைய ஆட்டம் முடிந்தது. அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியரானார். பின்னர் அந்நகரின் இடைநிலைப் பாடசாலைகளிற் கறுப்பினத்தவருள் முதல் அதிபராகவும் உயர்ந்தார். வார நாட்களிற் பாடசாலை. வார இறுதியிற் கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவர். 1965இல் தேசியக் கழகம் அவரை நடுவராக நியமித்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டு எதிலும் அதற்கு முன் கறுப்பினத்தவர் எவரும் அப்பணியில் அமர்த்தப்பட்டதில்லை. நியமனம் நடந்த காலத்தில் ஆணையாளராயிருந்தவர் றோசெல். இருபத்தைந்து பருவங்கள் அவர் அப்பணியாற்றினார், 2009இற் காலமானார்.

1980ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி, அந்நாட்டின் ஆட்டங்களுக்கெல்லாம் சிகரமான சூப்பர் பௌல் போட்டி பசடீனாவின் றோஸ் பௌல் அரங்கில் நடந்தது. வந்திருந்தோர் 103,985 பேர். பிற்ஸ்பேர்க் 31க்கு 19 என்று லொஸ் ஏஞ்சலிசை வென்றது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், பார்வையாளர் அருகிய அதே அரங்கில், லொயோலாவுக்கு எதிராக ஒன்பதாவது ஆட்டத்தை ஆடிச் சென்ற பேர்ல் டோலர் அன்று அங்கே எல்லைக்கோட்டருகே நின்றார். கறுப்பும் வெள்ளையும் கோடிட்ட நடுவர் சட்டையுடன்.